பால் நீங்கலாக

என் மகளுக்கு நான்கு வயது நிறைவதற்குள் அவளுக்கு விலக்கப்பட்ட உணவுகள் பதினேழாகப் பெருகியிருந்தன. அந்தப் பட்டியலை எழுதியவன் நான். மாணவர்களின் கட்டுரைப் பிழைகளைக் குறித்துவைக்கும் நீண்ட குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தை முதற்பக்கமாகத் திருப்பிக்கொண்டு, பிழை திருத்தும் அதே சிவப்பு மையால் எழுதிவந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஆவடியை அடுத்த சேக்காட்டில் குடியிருந்தோம். நான் பூந்தமல்லியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். என் மனைவி அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சர். எங்களுக்கு ஒரே மகள். இரண்டரை வயதுவரை மற்றக் குழந்தைகளைப்போலவே இருந்தவள், அதன்பின் உண்ண முடியாதவள் ஆனாள். பசியில்லாமல் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு தானே வந்து உட்காருவாள். நான்காவது கவளத்தில் கை நின்றுவிடும். மார்புக்குழியின்மேல் விரல்களை வைத்துக்கொண்டு, "நிக்குதுப்பா" என்பாள். சிறிது நேரத்தில் வயிறு உப்பிக் கடினமாகும். வாரத்தில் இருமுறையேனும் உண்டதைக் கக்கிவிடுவாள். சில நாள்களில் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும்.

அருகிலிருந்த மருத்துவர் ஒருவர் பூச்சி மருந்து கொடுத்தார். இன்னொருவர் செரிமானத்துக்கென்று இளஞ்சிவப்பு நிறத்தில் இனிப்பு மருந்து கொடுத்தார். இரண்டும் ஒரு வாரம் கேட்டன, பிறகு கேட்கவில்லை. ஆவடித் தொடர்வண்டி நிலையத்தில், காசு போட்டால் எடையைச் சீட்டில் அச்சிட்டுத் தரும் பொறி ஒன்று இருந்தது. மாதம் ஒருமுறை மகளை அதன்மேல் நிறுத்துவேன். ஓராண்டு முழுவதும் அச்சீட்டு பதினொரு கிலோவையே காட்டியது. சீட்டின் பின்புறத்தில் அச்சாகியிருக்கும் பலன் மட்டும் ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டிருந்தது.

எங்கள் பகுதியில் குழந்தைக்கு உணவு செரிக்கவில்லை என்றால் அக்கம்பக்கத்தார் கேட்கும் முதற்கேள்வி, "தொக்கு எடுத்தாச்சா?" என்பதுதான். உண்டதில் ஒரு துணுக்கு தொண்டைக்கும் இரைப்பைக்கும் இடையே எங்கோ சிக்கி, நாள்கணக்கில் அங்கேயே தங்கிப் பின்வரும் உணவையெல்லாம் மறிக்கிறது என்பது நம்பிக்கை. அந்தத் துணுக்கே தொக்கம். அதை வெளியிலிருந்தே உறிஞ்சி எடுப்பவர்கள் இருந்தார்கள். நாங்கள் சென்றது நூம்பலில் இருந்த ஓர் அம்மையாரிடம். வேலப்பன்சாவடியில் பேருந்தைவிட்டு இறங்கி, மனைக்கற்கள் நடப்பட்டிருந்த வயல்களின் ஊடே நடந்தால் அவர் வீடு. ஞாயிறும் செவ்வாயும் காலையில் குழந்தைகளோடு பெண்கள் அங்கே காத்திருப்பார்கள்.

முதல்முறை சென்றது இன்றும் நினைவில் இருக்கிறது. அவர் என் மகளை மடியில் மல்லாத்திக்கொண்டு வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா கண்ணு, நேத்து இன்னா துன்னே?"

"ஒண்ணும் சரியா சாப்பிடலைம்மா. ரெண்டு வாய் சாம்பார் சாதம், அவ்வளவுதான்," என்றாள் என் மனைவி.

"ரெண்டு வாய் துன்னவளுக்கா வயிறு இப்டி கீது? பானை மாரி கீதே!"

விரல் நீளமுள்ள பித்தளைக் குழல் ஒன்றை மகளின் தொண்டைக்குழிக்குக் கீழே தோலின்மேல் பொருத்தி, மறுமுனையில் வாய்வைத்து உறிஞ்சினார். மகள் வீறிட்டு அழுதாள். அம்மையார் பூவரச இலை ஒன்றில் உமிழ்ந்து விரலால் விலக்கிக் காட்டினார். வெண்மையாக ஒரு துணுக்கு.

"தோ பாரு, தேங்கா. எத்தினி நாளா உள்ள குந்திகினு கீதோ!"

"துருவலா, பத்தையா?" என்று கேட்டேன்.

அவர் இடுப்பில் கைவைத்து என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா உன் ஊட்டுக்காரரு, தொக்குக்கே பரிச்சை வெக்கிறாரு? வாத்தியாரா?"

காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பியதும் குறிப்பேட்டைத் திருப்பிப் போட்டு, முதல் வரியில் 'தேங்காய்' என்று எழுதினேன்.

என் பிழை இந்த இடத்தில் தொடங்கியது. அந்தத் துணுக்கு எவ்வாறு வெளிவந்தது என்பதை நான் ஆராயவில்லை. ஆராய வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஒரு பாட்டில் ஒரு சொல் ஐயத்துக்கு இடமானால் நான்கு பதிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கமுடையவன், ஒரு பூவரச இலையில் இருந்ததை அப்படியே ஏற்றுக்கொண்டேன். ஏற்றதோடு நில்லாமல் அதற்கு ஓர் ஒழுங்கும் கற்பித்தேன். எது தொக்கமாக வந்ததோ அது குழந்தைக்கு ஒவ்வாதது; ஆகவே அது இனி வீட்டில் அவளுக்கு இல்லை. அம்மையார் எந்த உணவையும் விலக்கச் சொல்லவில்லை. விலக்கியவன் நான்.

அடுத்த முறை நிலக்கடலை வந்தது. பின்னர் முட்டையின் வெண்கரு, கத்தரிக்காய்த் தோல், கொய்யா விதை. ஒருமுறை மீன்முள் வந்தது. நாங்கள் மீன் உண்பவர்கள் அல்லர். அதைச் சொன்னபோது அம்மையார் சற்றும் கலங்காமல், "பக்கத்து ஊட்ல துன்னிருப்பா, உனக்குத் தெரியுமா?" என்றார். மகளைக் கேட்டோம். அவள் பக்கத்து வீட்டில் முறுக்குத் தின்றதாகச் சொன்னாள். குறிப்பேட்டில் மீனோடு முறுக்கும் ஏறியது.

பட்டியல் வளர வளர மனைவி கவலையுற்றாள். ஒருநாள் அடுப்பருகிலிருந்து கேட்டாள்: "எல்லாத்தையும் நிறுத்திட்டா அவளுக்கு என்னதாங்க குடுக்கறது?"

"ஏன், பால் இருக்கே," என்றேன்.

பால் இருந்தது. சத்துள்ள பொருள்களில் பட்டியலில் இடம்பெறாதது அது ஒன்றே. இரண்டு குவளையாக இருந்தது மூன்றாகி, நாளடைவில் ஐந்தாயிற்று. சேக்காட்டில் அப்போது பால்காரர் மாட்டை வாயிலுக்கே ஓட்டிவந்து கண்முன் கறந்து கொடுப்பார். குழந்தைகளுக்குப் பல மாடுகளின் பாலைக் கலக்காமல் ஒரே பசுவின் பாலைக் கொடுப்பது நல்லது என்று எல்லாரும் கருதினார்கள். எங்கள் பால்காரர் அதில் கண்டிப்பானவர்.

"ஒரே மாட்டுப் பாலு வாத்யாரே. பாப்பாவுக்குன்னு தனியா கறக்கறேன். ஒரு சொட்டு தண்ணி கீதுன்னு சொல்லு, மீசைய எட்த்து உன் கைல குட்த்துர்றேன்."

"அந்த மீசையை வெச்சு நான் என்ன பண்ணட்டும்?" என்றாள் மனைவி, குவளையை நீட்டியபடி.

அந்த ஆண்டு சூன் மாதத்தில் மகளை மழலையர் பள்ளியில் சேர்க்க அழைத்துச்சென்றோம். தலைமையாசிரியை அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரெண்டரை வயசு இருக்குமா? அடுத்த வருஷம் வாங்க சார்," என்றார். பிறப்புச் சான்றிதழைக் காட்டினேன். அவர் அதைப் படித்தார். மகளின் மேற்கையைத் தம் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் வளைத்துப் பார்த்தார். விரல்நுனிகள் எளிதில் தொட்டுக்கொண்டன. பின்னர், நகரத்தில் குழந்தைகளின் குடல்நோய்களைப் பார்க்கும் ஒரு பெண் மருத்துவரின் முகவரியைத் துண்டுத்தாளில் எழுதித் தந்து, "முதல்ல இவங்களைப் பாருங்க. சீட்டு எங்கேயும் போகாது," என்றார். பள்ளியில் இடம் கிடைக்கவில்லை என்பதைவிட, குழந்தையின் வளர்ச்சி ஓராண்டுக்கு மேலாக நின்றுபோயிருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் அன்றுதான் விளங்கியது.

அந்த மருத்துவர் என்னைவிட இளையவர். எடை, உயரம் எல்லாம் குறித்துக்கொண்டு வினவத் தொடங்கினார். நான் குறிப்பேட்டை எடுத்து மேசையின்மேல் வைத்தேன். இத்தனை ஒழுங்காக எழுதிக்கொண்டு வரும் தந்தையை அவர் பார்த்திருக்கமாட்டார் என்ற எண்ணமும் எனக்கு இருந்திருக்கலாம். அவர் பதினேழு வரிகளையும் படித்தார். தாளைத் திருப்பி மறுபக்கம் பார்த்தார். அங்கே ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் ஒற்றுப்பிழைகள் இருந்தன.

"எதெல்லாம் சாப்பிடக்கூடாதுன்னு இருக்கு சார். எதைத்தான் சாப்பிடறா?"

"சோறு, இரசம், இட்டலி. மற்றபடி பால்."

"எவ்வளவு பால்?"

"ஐந்து குவளை."

அவர் எழுதுகோலைக் கீழே வைத்தார். "பால் ஏன் சார் இந்த லிஸ்ட்ல வரலை?"

"அது தொக்கமாக வந்ததில்லை," என்றேன். சொல்லி முடித்தபின்புதான் அந்த விடை என் காதில் விழுந்தது. சிக்கி நிற்பதை மட்டுமே தேடும் முறைக்கு, நில்லாமல் ஓடுவது ஒருநாளும் அகப்படாது. பட்டியல் நீண்ட அத்தனை மாதங்களிலும் இதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மருத்துவர் சிரிக்கவில்லை. குருதிப் பரிசோதனையோடு, வாய்வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் நேரில் பார்க்க வேண்டும் என்றார். அங்கிருந்து கடுகளவு திசுவை எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்களாம். குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தித்தான் செய்வார்கள்.

திரும்பும் வண்டியில் மகள் சன்னலோரம் உறங்கிவிட்டாள். வில்லிவாக்கம் தாண்டியதும் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"வெளியே வெச்சு உறிஞ்சற குழாய்க்கே அவ அந்தக் கத்து கத்தறா. இது தொண்டைக்குள்ள போகுமாம். மயக்கம் தெளியலைன்னா?"

"தெளியும் என்றுதான் சொல்கிறார்கள்."

"சொல்றாங்க. நூம்பல்லயும்தான் சொன்னாங்க, சரியாப் போயிடும்னு."

அம்பத்தூரில் கூட்டம் இறங்கியபின் அவளே தொடர்ந்தாள்: "கையெழுத்து நீங்க போடுங்க. என்னால முடியாது."

போட்டேன். குழாய்ப் பரிசோதனைக்கு அரைமணி நேரத்துக்கும் குறைவாகவே ஆயிற்று. மகள் கண் விழித்ததும் தண்ணீர் கேட்டாள். தாய் அழுதாள். பத்து நாள் கழித்து முடிவு வந்தது.

மருத்துவர் தாளில் ஒரு குடலை வரைந்தார். உட்சுவரில் விரல்விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய உறிஞ்சிகளை வரைந்தார். மகளுக்கு அவை பல இடங்களில் குட்டையாகிவிட்டிருந்தன. "உள்சுவர் முழுக்க இன்ஃப்ளமேஷன் சார். சிவந்து, தடிச்சு, வீங்கியிருக்கு." அதற்குத் தமிழான அழற்சி என்ற சொல்லை நான் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்; பாடநூலில் கண்டிருக்கிறேன். உண்ணும் நான்காவது கவளத்தில் ஒரு குழந்தையின் கையை நிறுத்துவது எதுவோ அதற்கும் பெயர் அதுவே என்று அறிந்திருக்கவில்லை.

"அப்ப அவ நிக்குதுன்னு சொன்னது?" என்று கேட்டாள் மனைவி.

"நிஜமாவே நிக்கும்மா. பொய் சொல்லலை அவ. வீங்கிப்போன குடல் சாப்பாட்டைச் சரியாக் கீழே தள்ளாது, சத்தையும் இழுக்காது. ஆனா நிக்கறதுக்குக் காரணம் நின்ன சாப்பாடு இல்ல."

ஐந்து குவளைப் பாலின்மேல் அவருக்கு வலுவான ஐயம் இருந்தது. பாலிலுள்ள புரதத்தைச் சில குழந்தைகளின் உடல் பகையாகக் கருதிப் போரிடும் என்றும், அந்தப் போரின் தழும்பே உட்சுவரில் தெரிவது என்றும் சொன்னார். ஆயினும் அவர் அறுதியிட்டுப் பேசவில்லை. "இந்த ரிப்போர்ட் அழற்சி இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். யாரால வந்ததுன்னு சொல்லாது. ஆறு வாரம் பாலை நிறுத்திப் பார்த்தாத்தான் தெரியும்." பால் மட்டுமன்று, தயிர், மோர், நெய், வெண்ணெய், பால் கலந்த பிசுகோத்து எதுவும் கூடாது. அமிலம் குறைய ஒரு மருந்தைச் சில வாரங்களுக்கு எழுதினார். பிறகு என் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினார். பதினேழு வரிகளின்மேலும் நீல மையால் சாய்வாக ஒரே கோடு இழுத்து, கீழே 'பால்' என்று எழுதினார். "மத்ததையெல்லாம் ஒண்ணொண்ணாத் திரும்பக் குடுங்க. கேழ்வரகு, எள்ளு, கீரை, முட்டை நிறையக் குடுங்க. பால் இல்லாத குறையை அதுதான் ஈடுகட்டணும்."

பிறர் தாளைத் திருத்தியே பழகியவனுக்கு அந்த நீலக் கோட்டைப் பார்ப்பது புதிதாக இருந்தது.

மூன்றாம் வாரத்தில் மகள் ஒன்பது கவளம் உண்டாள். மார்புக்குழிக்குக் கை போகவில்லை. மனைவி இதைப் புது மருந்தின் பயன் என்றே கொண்டாள். பாலைக் குற்றம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பால்காரருக்கோ பெருங்கோபம்.

"மாட்டு மேல பழிய போட்டுட்டியே வாத்யாரே! எத்தினி கொயந்திங்க குட்ச்சி வளந்துது தெரியுமா? தோ பாரு, அதும் மூஞ்சியே வாடிப்போய் கீது."

பசு வழக்கம்போல் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

ஐந்தாம் வாரத்தில் அவருடைய இன்னொரு பசு கன்று ஈன்றது. கன்று ஈன்றதும் முதலில் கறக்கும் சீம்பாலில் வெல்லமிட்டு அவித்துத் துண்டுபோட்டு, வாடிக்கை வீடுகளுக்குக் கொடுப்பது அவர் வழக்கம். எங்கள் வாயிலில் மகள் மட்டும் நின்றிருந்தாள். பால்தான் கூடாது, இது பண்டம்தானே என்று அவர் எண்ணினாரோ, அல்லது தம் மாட்டின் பெயரைக் காப்பாற்ற எண்ணினாரோ, ஒரு துண்டை அவள் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பிற்பகலில் வயிறு உப்பியது. மாலைக்குள் மூன்றுமுறை கக்கினாள். "நிக்குதும்மா" என்ற சொல் வீட்டில் மீண்டும் கேட்டது. மனைவி அவளது சட்டையை மாற்றும்போது விளிம்பில் வெல்லப்பிசுக்கைக் கண்டு, முகர்ந்து பார்த்துவிட்டு, நான்கு வீடு தள்ளியிருந்த பால்காரர் வீட்டுக்கு அந்தச் சட்டையோடே போனாள்.

அவர் அவளுடனேயே வந்தார். கட்டிலில் சுருண்டு கிடந்த குழந்தையைக் கதவோரம் நின்று பார்த்தார்.

"ஒரே ஒரு துண்டும்மா. விரல் அளவு கூட இல்ல."

"விரல் அளவுதான் அண்ணே. பாருங்க."

மூன்று நாளில் அவள் தேறினாள். மருத்துவரிடம் சொன்னபோது முதலில் கடிந்துகொண்டார், பிறகு, "ஆஸ்பத்திரியில படுக்க வெச்சு, பக்கத்துல இருந்து நான் செய்ய இருந்த டெஸ்டை உங்க பால்காரர் செஞ்சு முடிச்சிட்டார். இனிமே செய்ய வேண்டாம்னு சொல்லுங்க," என்றார். மனைவிக்கு இருந்த ஐயம் அன்றோடு நீங்கியது. பால்காரரும் மாறிவிட்டார். அதன்பின் தெருமுனையிலிருந்தே அவர் குரல் கேட்கும்: "வாத்யாரே, பாப்பாவ உள்ள இஸ்துகினு போ, பாலு வருது!"

அடுத்த ஏழெட்டு மாதங்களில், நாங்கள் உண்ணாத மீன் நீங்கலாக, மற்றப் பதினாறு உணவுகளும் ஒவ்வொன்றாக அவள் தட்டுக்குத் திரும்பின. ஒன்றும் நிற்கவில்லை. மே மாதத்தில் ஒருநாள் மனைவி, "நூம்பல் அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரணும்," என்றாள். எதற்கு என்று கேட்டேன். "அவங்களும் எத்தனை தடவை மடியில போட்டுப் பார்த்தாங்க," என்றாள். சென்றோம். வயல்களில் மனைக்கற்கள் இருந்த இடங்களில் இரண்டு மூன்று வீடுகள் எழும்பியிருந்தன.

அம்மையார் எல்லாவற்றையும் கேட்டார். வருத்தமோ நாணமோ அவரிடம் தென்படவில்லை.

"பாலா? பாலு எங்க சார் நிக்கும்? அது தண்ணி மாரி எறங்கிப்பூடும். நிக்கறத தான நான் எடுப்பேன்!"

"ஆமாம்," என்றேன். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அந்தத் துணுக்குகள் எங்கிருந்து வந்தன என்று கேட்பதற்கு அது தக்க தருணம். கேட்கவில்லை. மீன்முள்ளையும் முறுக்கையும் எழுதிவைத்த குறிப்பேடு என்னுடையது.

"தேங்கா துன்றாளா இப்போ?"

"துன்றேன்," என்றாள் மகள் தானே.

அவர் உள்ளே போய் ஒரு தேங்காய்ப் பத்தையைக் கீறி எடுத்துவந்து அவளிடம் நீட்டினார். "துன்னு கண்ணு. எட்த்தவளே குடுக்கறேன், துன்னு." மகள் வாசற்படியில் உட்கார்ந்து அதை முழுவதும் கடித்துத் தின்றாள். காத்திருந்த பெண்களின் முன்வரிசையில் ஓர் இளந்தாய் கைக்குழந்தையோடு இருந்தாள். அம்மையார் அவள் பக்கம் திரும்பி, "மாட்டுப் பாலு குடுக்கிறியா கொயந்திக்கு?" என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையசைத்தாள். "அப்ப குடு இங்க," என்று குழந்தையை வாங்கி மடியில் மல்லாத்திக்கொண்டு பித்தளைக் குழலை எடுத்தார்.

ஆவடி வந்ததும் நிலையத்துக்குள் சென்று மகளைப் பொறியின்மேல் நிறுத்தினேன். அவள் சிகிச்சையில் இருந்த மாதங்களில் மருத்துவமனையிலேயே எடை பார்த்தார்கள். இந்தப் பொறிக்கு நாங்கள் வரவில்லை. காசு உள்ளே விழுந்து, சக்கரம் சுழன்று, சீட்டு வந்தது. பதினான்கு கிலோ. மனைவி அதை வாங்கி இருமுறை பார்த்துவிட்டுக் கைப்பையில் வைக்கப் போனாள்.

"பின்னாடி படிப்பா," என்றாள் மகள்.

வாங்கிப் படித்தேன். தொலைதூரப் பயணம் ஒன்று கைகூடும் என்று அச்சிட்டிருந்தது.

"அது நூம்பலாப்பா?"

"இல்லை, பள்ளிக்கூடம்," என்றாள் என் மனைவி. அடுத்த வாரம் அந்தத் தலைமையாசிரியை மகளின் மேற்கையை மறுபடியும் வளைத்துப் பார்த்தார். விரல்நுனிகள் இரண்டும் தொடவில்லை.